டெயில்பீஸை மாற்றினால் ஆர்ச்டாப் கிட்டாரின் ஒலி ஏன் மாறுகிறது?

மதுரையில் தேவாலயப் பாடகர் குழுக்களிலும், திருவிழாக் கால மெல்லிசை மேடைகளிலும், இசை பழகும் பிள்ளைகளின் வீடுகளிலும் இருக்கும் கிட்டார்களை உற்றுப் பார்த்தால் அவை இரண்டு வகையாகப் பிரிவது தெரியும். ஒரு வகையில் தந்திகள், அவற்றைத் தாங்கும்படி மேற்பலகையின் மீது ஒட்டப்பட்ட பிரிட்ஜ் என்ற கட்டையிலேயே முடிந்துவிடுகின்றன. மற்றொரு வகையில் அவை பிரிட்ஜின் மேல் ஏறி இறங்கி, அதையும் தாண்டிச் சென்று, கிட்டாரின் அடி விளிம்பில் திருகப்பட்ட ஒரு சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டம்தான் டெயில்பீஸ். இரண்டாவது வகைக் கிட்டாரைப் பழையதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, இந்தத் துருப்பிடித்த தகட்டை எடுத்துவிட்டு நல்லதாக ஒன்றைப் போட்டால் நாதம் கூடுமா என்பதுதான். மாறும்; ஆனால் புதிய டெயில்பீஸ் விலை உயர்ந்தது என்பதால் அல்ல. பிரிட்ஜின் மீது விழும் அழுத்தம், தந்திகளின் முனையில் தொங்கும் எடை, பிரிட்ஜுக்குப் பின்னால் மிஞ்சும் தந்தியின் நீளம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மாறினால்தான் ஒலி மாறும். இந்த மூன்றையும் விளங்கிக்கொண்டவர், தம் கிட்டாருக்கு எந்த மாற்றம் தேவை என்பதையும், சில வேளைகளில் எந்த மாற்றமும் தேவையில்லை என்பதையும், காசு செலவழிக்கும் முன்பே கணித்துவிடலாம்.

இந்த இரண்டாவது வகையில் முதன்மையானது ஆர்ச்டாப் கிட்டார். அதன் மேற்பலகை தட்டையாக இராது. வயலினைப் போல நடுவில் மேடிட்டிருக்கும். உயர்ந்த கிட்டார்களில் அந்த மேடு ஸ்புரூஸ் மரப்பலகையைச் செதுக்கி உருவாக்கப்படுகிறது. விலை குறைந்தவற்றில் ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைத்துவிடுகிறார்கள். பக்கங்களும் பின்பலகையும் பெரும்பாலும் மேப்பிள் மரம். நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக, வயலினில் காண்பது போன்ற நெளிந்த இரண்டு துளைகள் இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் ஓர்வில் கிப்ஸன் 1890களில் இப்படிச் செதுக்கிய மேற்பலகையுடன் மாண்டலின்களையும் கிட்டார்களையும் செய்யத் தொடங்கினார். அவர் பெயரால் 1902-இல் அமைந்த நிறுவனம், கருவி வடிவமைப்பாளர் லாயிட் லோர் அங்கே பணியாற்றிய காலத்தில், 1922-இல் வெளியிட்ட எல்-5 என்ற கிட்டார்தான் நெளிதுளை ஆர்ச்டாப்புக்கு இன்றுவரை இலக்கணமாக இருக்கிறது. ஒலிபெருக்கி வழக்கத்துக்கு வராத அந்த நாட்களில், பித்தளைக் குழல்கள் முழங்கும் ஜாஸ் குழுவுக்கு நடுவே கிட்டாரின் தாளம் கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த அமைப்பு இது. நம் நாட்டில் விஷ்வ மோகன் பட் வாசிக்கும் மோகன வீணையும் ஆர்ச்டாப் கிட்டாரை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டதே.

வீணை வாசிப்பவர்களுக்கு டெயில்பீஸின் வேலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வீணையிலும் தந்திகள் குதிரையின் மீது ஏறி இறங்கி, லங்கர் கம்பிகளின் வழியாக, குடத்தின் கோடியில் உள்ள நாகபாசத்தில்தான் கட்டப்படுகின்றன. இழுவையைத் தாங்குவது நாகபாசம். ஒலியைக் குடத்துக்குள் இறக்குவது குதிரை. ஆர்ச்டாப்பிலும் பொறுப்புகள் அப்படியே பிரிந்திருக்கின்றன. தந்திகளின் கிடைமட்ட இழுவை முழுவதையும் டெயில்பீஸ் வாங்கி, கிட்டாரின் அடியில் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் கனமான மரக்கட்டைக்குக் கொடுத்துவிடுகிறது. மேற்பலகைக்கு மிஞ்சுவது கீழ்நோக்கிய அழுத்தம் மட்டுமே. அதனால்தான் ஆர்ச்டாப்பின் பிரிட்ஜை ஒட்டுவதில்லை. அது தந்திகளின் அழுத்தத்தினாலேயே தன் இடத்தில் நிற்கிறது.

பிரிட்ஜின் மீது எவ்வளவு அழுத்தம்?

மொட்டை மாடியில் இரண்டு சுவர்களுக்கு இடையே கட்டிய கொடிக்கயிற்றுக்கு நடுவில் ஒரு கவைக்கொம்பை முட்டுக் கொடுத்தால், கயிறு கொம்பின் மேல் எவ்வளவு கூர்மையாக மடிகிறதோ அவ்வளவு பலமாகக் கொம்பைத் தரையில் அழுத்தும். மடிப்பே இல்லாமல் கயிறு நேராகப் போனால், அது எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் கொம்பை எளிதாக உருவிவிடலாம். பிரிட்ஜின் நிலையும் இதுவே. தந்திகளின் இழுவை ஒருபுறமிருக்க, அவை பிரிட்ஜின் மேல் மடியும் கோணமே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. டெயில்பீஸை மாற்றுபவர் பெரும்பாலும் தாம் அறியாமலேயே இந்தக் கோணத்தை மாற்றிவிடுகிறார்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 12-இல் தொடங்கும் (அதாவது முதல் தந்தி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமனுள்ள) நடுத்தரத் தந்திகள் ஆறை வழக்கமான சுருதியில் வைத்தால் அவற்றின் மொத்த இழுவை ஏறத்தாழ 70 கிலோ. கழுத்துப் பக்கத்திலிருந்து தந்திகள் 4 டிகிரி சாய்வில் பிரிட்ஜுக்கு ஏறி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிரிட்ஜின் உச்சிக்கும், டெயில்பீஸ் கிட்டாரின் விளிம்பில் இணைந்து அசையும் கீலுக்கும் இடையே உள்ள தூரம் 210 மி.மீ.; கீலைவிட பிரிட்ஜின் உச்சி 38 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் பின்பக்கச் சாய்வு 10 டிகிரியைச் சற்றே தாண்டும். பிரிட்ஜின் மீது விழும் அழுத்தம் சுமார் 17 கிலோ. கீலை மட்டும் 15 மி.மீ. மேலே தூக்கிப் பொருத்தினால் சாய்வு 6 டிகிரிக்கு இறங்கி, அழுத்தம் பன்னிரண்டரை கிலோவாகக் குறைந்துவிடும். தந்தியும் பிரிட்ஜும் சுருதியும் அப்படியே இருக்க, மேற்பலகை சுமக்கும் பாரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இங்கே உண்டு. நீளமான டெயில்பீஸைப் போட்டால் தந்தி மாட்டும் துளை பிரிட்ஜுக்கு அருகில் வந்துவிடும், ஆகவே கோணம் கூர்மையாகும், அழுத்தம் கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கீலில் தடையின்றி அசையும் டெயில்பீஸுக்கு இது பொருந்தாது. அத்தகைய டெயில்பீஸைத் தந்திகள் இழுக்கும்போது அது கீலிலிருந்து பிரிட்ஜின் உச்சிக்குச் செல்லும் நேர்கோட்டில் தானே போய் நின்றுவிடும். குட்டையாக இருந்தாலும் நெட்டையாக இருந்தாலும் அந்தக் கோடு மாறுவதில்லை. ஆகவே அங்கே கோணத்தைத் தீர்மானிப்பது கீலின் உயரம் மட்டுமே. வயலினைப் போல முனைப்பொத்தானில் நரம்பாலோ கம்பியாலோ கட்டப்படும் மர டெயில்பீஸுக்கும் இதே விதிதான். அங்கே கீலுக்குப் பதிலாக, நரம்பு கிட்டாரின் விளிம்பைத் தொட்டுத் திரும்பும் இடம் கணக்கில் வரும்.

அசையாத டெயில்பீஸின் கதை வேறு. விளிம்பில் இறுகத் திருகப்பட்டு, வளையாத கையோடு மேற்பலகைக்கு மேல் நீண்டு நிற்கும் வகையில், தந்தித் துளை இருக்கும் இடமே சாய்வைத் தீர்மானிக்கும். துளை பிரிட்ஜின் உச்சியைவிட 20 மி.மீ. தாழ்ந்தும் 110 மி.மீ. பின்னாலும் இருந்தால் சாய்வு 10 டிகிரி. அதே தாழ்வில் துளையை 75 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் சாய்வு 15 டிகிரியாகி, அழுத்தம் 17-இலிருந்து 23 கிலோவுக்கு எகிறும். வாங்க நினைக்கும் டெயில்பீஸ் கீலில் அசைவதா, அசையாததா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். மெருகும் வேலைப்பாடும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

அழுத்தம் கூடும்போது காதில் என்ன கேட்கும்? ஓரளவு வரை மீட்டும் ஒலி உறுதியாகும். ஒவ்வொரு சுரமும் வெட்டி எடுத்தது போலத் தனித்து நிற்கும். மேல் சுரங்கள் கூர்மை பெறும். அந்த அளவைத் தாண்டினால் மேற்பலகை இறுகிப்போய், மந்திர ஸ்தாயி மெலிந்து, ஒலி தொண்டைக்குள் அடைத்தாற்போல் ஆகிவிடும். அழுத்தம் குறையும்போது ஒலி அவிழ்ந்து கனிவாக வரும். மிகவும் குறைந்துவிட்டால் பலமாக மீட்டும்போது தந்தி பிரிட்ஜின் வெட்டில் நிலைகொள்ளாமல் அதிரும், பிரிட்ஜே பக்கவாட்டில் நழுவும். நல்ல இடம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது, அது கிட்டாருக்குக் கிட்டார் மாறும். தடித்த ஒட்டுப்பலகைக்குச் சற்றுக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். மெல்லியதாகச் செதுக்கிய பலகைக்கு அது ஆகாது, நாளடைவில் மேடு அமுங்கிவிடும். நம் நாட்டில் நெடுங்காலமாக விற்கப்படும் விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் மேற்பலகை தட்டையாக இருந்தும் டெயில்பீஸும் ஒட்டாத பிரிட்ஜும் உண்டு. அவற்றில் கோணத்தைக் கூட்டவே கூடாது என்பது என் எண்ணம். மேடு இல்லாத பலகைக்கு அந்தப் பாரத்தைத் தாங்கும் வலு கிடையாது.

எடையும் மரமும்

டெயில்பீஸ் அசையாமல் நிற்பது போலத் தோன்றினாலும் அது அதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. தந்தியை மீட்டியதும் பிரிட்ஜ் ஆடுகிறது. பிரிட்ஜ் ஆடினால் அதற்குப் பின்னால் உள்ள தந்தித் துண்டுகள் சுருள்வில்லைப் போல இழுபட்டுத் தளர்கின்றன. அவற்றின் கோடியில் டெயில்பீஸ் ஓர் எடையாகத் தொங்குகிறது. அந்த எடை கூடினால் அது மெதுவாகவே அசையும், குறைந்தால் சட்டென்று அசையும். பிரிட்ஜின் அசைவில் எந்தப் பகுதியை அது உறிஞ்சும், எதை விட்டுவிடும் என்பதும் அதற்கேற்ப மாறும். வயலின் செய்பவர்கள் டெயில்பீஸின் எடையை இழைத்து இழைத்துக் குறைத்துப் பார்ப்பதற்கும், அதைக் கட்டும் நரம்பை மாற்றிப் பார்ப்பதற்கும் காரணம் இதுவே.

எடையில் எவ்வளவு வேறுபாடு வரக்கூடும் என்பதைப் பொருட்களின் அடர்த்தியே காட்டிவிடும். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை எட்டரை கிராம், எஃகு 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம், கருங்காலி ஒரு கிராமை ஒட்டியே இருக்கும். ஆகவே ஒரே அளவில் செய்தால் பித்தளை டெயில்பீஸ் கருங்காலியைப்போல் எட்டு மடங்கு கனக்கும். நியூயார்க்கின் பெயர்பெற்ற கிட்டார் வினைஞர் ஜான் டாஞ்சலிகோ, படிக்கட்டு வடிவிலான கனத்த உலோக டெயில்பீஸ்களைத் தம் கிட்டார்களில் பொருத்தினார். அவர் பட்டறையில் தொழில் பயின்று, 1964-இல் அவர் மறைந்த பிறகு அந்த மரபைத் தொடர்ந்த ஜேம்ஸ் டாக்விஸ்டோ, பிற்காலத்தில் உலோகத்தை விட்டுக் கருங்காலியைச் செதுக்கி டெயில்பீஸ் செய்தார். ஒலிபெருக்கி இல்லாமல் கிட்டாரின் சொந்த ஒலியைக் கேட்க விரும்புபவர்கள் இலகுவான மரத்தைத் தேடுவதும், பிக்கப் (தந்தியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு மின்வடிவில் அனுப்பும் பகுதி) வழியாக நீண்ட கார்வையை விரும்புபவர்கள் கனமான உலோகத்தை வைத்துக்கொள்வதும் இன்று பரவலான வழக்கம்.

மரத்தின் பெயரைவிட எடைதான் முக்கியம் என்பது என் தீர்மானமான கருத்து. கருங்காலியா ஈட்டியா என்று விவாதிப்பதற்கு முன், கழற்றிய பழைய டெயில்பீஸையும் வாங்கப்போகும் புதியதையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது பயன் தரும். சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும்; வீட்டில் இல்லாதவர்களுக்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் கிராம் துல்லியமாகவே நிறுத்துத் தருவார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை என்றால், ஒலியில் பெரிய மாறுதலை எதிர்பார்க்க வேண்டாம். சாயமிட்ட வேறு மரத்தைக் கருங்காலி என்று கொடுப்பவர்களும் உண்டு என்பதால் தராசு அதற்கும் ஒரு சாட்சி. மரத்தில் செய்யச் சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மரத்தின் இழை தந்திகளின் போக்கிலேயே நீளவாக்கில் ஓட வேண்டும், தந்தியின் உருண்டை முனை அமரும் இடத்தில் ஒரு பித்தளைத் தகடு பதிக்கப்பட வேண்டும். 70 கிலோ இழுவையில் தகடில்லாத மரத்துளை காலப்போக்கில் கிழிந்துவிடும்.

பின் தந்தி

பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே உள்ள தந்தித் துண்டை நகத்தால் சுண்டிப் பார்த்தால் மெல்லிய, கூரிய ஒலி ஒன்று வரும். அது வெறும் மிச்சமன்று; அதற்கும் சுருதி உண்டு. நட்டுக்கும் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் சிறு கட்டை) பிரிட்ஜுக்கும் இடையே தந்தியின் நீளம் 648 மி.மீ. என்றும் பின் தந்தி 108 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், பின் தந்தி ஆறில் ஒரு பங்கு. ஆகவே அதன் அதிர்வெண் ஆறு மடங்கு. 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஐந்தாம் தந்தியின் பின் துண்டு 660 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கர்நாடக இசை பயின்றவர்களின் கணக்கில், அந்தத் தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால், இரண்டு ஸ்தாயி மேலே உள்ள பஞ்சமம் அது. வயலின் செய்பவர்கள் பின் தந்தியை ஆறில் ஒரு பங்காக வைப்பதும் இந்தப் பொருத்தத்துக்காகவே, 328 மி.மீ. தந்திக்கு அவர்கள் 55 மி.மீ. அளவில் பின் தந்தி விடுகிறார்கள். நம் கிட்டாரிலோ முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் 330 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 660 ஹெர்ட்ஸும் சேர்ந்தே பிறக்கின்றன. அந்த 660-க்கு ஐந்தாம் தந்தியின் பின் துண்டு யாரும் தொடாமலே உடன் ஒலிக்கத் தொடங்கும். சிலருக்கு இந்த ஒத்ததிர்வு கிட்டாரைச் சுற்றி ஒரு காற்றோட்டத்தை உண்டாக்குவதாகத் தோன்றும். தாளத்தைக் கத்தரித்தது போல நிறுத்த விரும்புபவர்களுக்கோ இடைஞ்சல். பிந்தையவர்கள் டெயில்பீஸை மாற்ற வேண்டியதே இல்லை; ஒரு விரல் அகல ஃபெல்ட் துணியையோ மெல்லிய தோலையோ பின் தந்திகளுக்கிடையே மேலும் கீழுமாகக் கோத்துவிட்டால் போதும்.

கீலில் அசையும் டெயில்பீஸின் நீளத்தால் கோணம் மாறாது என்று மேலே சொன்னேன். அதன் நீளம் மாற்றுவது இந்தப் பின் தந்தியைத்தான். அதோடு கைக்குத் தெரியும் ஒரு வேறுபாடும் வரும். பின் தந்தி நீளமாக இருந்தால் தந்தியை வளைக்கும்போது நீள்வதற்குக் கூடுதல் இடம் கிடைப்பதால் விரலுக்கு அது மென்மையாகத் தோன்றும். குட்டையாக இருந்தால் விறைப்பாகத் தோன்றும். ஆனால் தந்தியின் இழுவை கூடிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. குறிப்பிட்ட நீளமும் தடிமனும் உள்ள தந்தியைக் குறிப்பிட்ட சுருதிக்குக் கொண்டுவரத் தேவையான இழுவை ஒன்றே ஒன்றுதான். அதை எந்த டெயில்பீஸாலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எபிஃபோன் நிறுவனம் 1930களில் இரண்டு தனிக் கைகளாகப் பிரிந்த டெயில்பீஸ் ஒன்றைக் கொண்டுவந்து, மந்திரத் தந்திகளுக்கு நீண்ட பின் தந்தியும் மேல் தந்திகளுக்குக் குட்டையான பின் தந்தியும் கொடுத்தது. பார்வைக்கு மிக அழகான அமைப்பு.

வாங்குவதற்கு முன்

திருமங்கலத்தில் பாடகர் குழு ஒன்றில் வாசிக்கும் நண்பரின் ஆர்ச்டாப்பில், ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும்போதெல்லாம் ஒரு கரகரப்பு எழும். அதன் பக்கத்துச் சுரங்களில் அது இல்லை. பிக்கப்பில்தான் கோளாறு என்று முடிவுகட்டிப் புதியது வாங்கவிருந்தார். அந்தச் சுரத்தை அவர் மீட்டிக்கொண்டிருக்கும்போதே டெயில்பீஸின் இரண்டு கைகளையும் விரல்களால் மெதுவாகப் பிடித்தேன், கரகரப்பு நின்றது. கையை எடுத்தேன், திரும்ப வந்தது. டெயில்பீஸின் குறுக்குக் குழாய் அதன் கம்பியில் நூலளவு தளர்ந்திருந்தது, அந்தச் சுரத்தின் 98 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு மட்டும் அது துடித்தது. குழாய்க்கும் கம்பிக்கும் இடையே ஒரு துண்டு ஃபெல்ட்டைச் செருகியதும் சரியாகிவிட்டது. புதிய டெயில்பீஸ் போட்டதும் கிட்டார் தெளிந்துவிட்டது என்று சொல்லப்படும் அனுபவங்களில் ஒரு பகுதி, பழைய டெயில்பீஸின் இத்தகைய சலசலப்பு போனதால் வந்த தெளிவுதான் என்று நினைக்கிறேன். எனவே இந்த விரல் சோதனையை எல்லோரும் முதலில் செய்துவிட வேண்டும்.

அடுத்து, ஒலியில் என்ன குறை என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒலி மங்கலாக இருக்கிறது என்றால் பழைய தந்திகளே காரணமாக இருக்கலாம். மதுரை வெயிலில் வியர்வை பட்ட தந்தி வெகு விரைவில் செத்துவிடும். ஒலி மிகவும் உலோகத்தனமாக இருக்கிறது என்றால், பிரிட்ஜின் மேற்பகுதி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். கிப்ஸன் 1954-இல் கொண்டுவந்த, ஒவ்வொரு தந்திக்கும் தனித் திருகுள்ள உலோக பிரிட்ஜ் உங்கள் கிட்டாரில் இருந்தால், அதன் இடத்தில் மர பிரிட்ஜை வைப்பது டெயில்பீஸ் மாற்றத்தைவிடப் பல மடங்கு வேறுபாட்டைத் தரும். தந்தி, பிரிட்ஜ், டெயில்பீஸ் என்பதே சரியான வரிசை. பிக்ஸ்பி போன்ற கைப்பிடியுள்ள டெயில்பீஸை ஒலிக்காக வாங்க வேண்டாம். சுரத்தை அலைபாயச் செய்யும் வசதிக்காக மட்டும் வாங்கலாம். அது கனமானது, தந்திகளின் கோணத்தையும் மாற்றிவிடும்.

கழற்றுவதும் பொருத்துவதும்

ஒட்டாத பிரிட்ஜ் தந்திகள் தளர்ந்ததும் நகர்ந்துவிடும். ஆகவே அதன் இரண்டு பாதங்களையும் ஒட்டி மாஸ்கிங் டேப்பால் எல்லை குறித்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதச் சூட்டில் அந்த டேப் வார்னிஷோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் வேலை முடிந்த அன்றே உரித்துவிட வேண்டும். தந்திகளை ஒவ்வொன்றாக முழுவதும் அவிழ்க்காமல், ஆறையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். டெயில்பீஸுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று இருக்கட்டும். இழுவை போனதும் அது மேற்பலகையில் விழுந்து கீறாமல் காக்கும்.

பிக்கப் உள்ள கிட்டார் என்றால், டெயில்பீஸை எடுக்கும்போது அதன் அடியில் மெல்லிய கம்பி ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். அது எர்த் கம்பி. தந்திகள் டெயில்பீஸ் வழியாக அந்தக் கம்பியோடு இணைந்திருப்பதால்தான் கை தந்தியில் பட்டதும் இரைச்சல் அடங்குகிறது. உலோகத்துக்குப் பதில் மர டெயில்பீஸ் போடுபவர்கள் இதை மறந்துவிட்டு, இரைச்சலுக்குக் காரணம் தேடி அலைவதுண்டு. தந்தியின் உருண்டை முனைகள் அமரும் பித்தளைத் தகட்டோடு அந்தக் கம்பியை இணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

பெரும்பாலும் புதிய டெயில்பீஸின் திருகுத் துளைகள் பழையவற்றோடு ஒத்துவராது. ஆர்ச்டாப்புக்கான உதிரிபாகங்கள் நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை. இணையத்தில் வரவழைத்தால் அளவு பார்த்து வாங்க முடிவதில்லை. மதுரையில் இருப்பவர்களுக்கு இதற்கு நல்ல வழி உண்டு. 3 மி.மீ. பித்தளைத் தகட்டில், ஒரு பக்கம் பழைய துளைகளுக்கும் மறுபக்கம் புதிய கீலுக்கும் பொருந்தும் ஓர் இணைப்புத் தகட்டை லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். நான் பட்டறைக்காரரிடம் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணே, ஓட்டைய மட்டும் அட்டையில சரியாக் குறிச்சுக் கொடுங்க, மீதிய நான் பாத்துக்கிறேன்.” அட்டையில் குறிக்கும்போது கீலின் உயரத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது இதில் உள்ள பெரும் வசதி. ஒரே கீலுக்கு 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு மூன்று வரிசைத் துளைகள் போடச் சொன்னால், கிட்டாரின் மரத்தில் புதிதாக ஒரு துளைகூட இடாமல் வெவ்வேறு அழுத்தங்களைக் கேட்டுப் பார்க்கலாம். மரத்திலேயே துளையிடத்தான் வேண்டும் என்றால், பழைய துளையில் கடினமான மரக்குச்சியை மரப்பசையோடு அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, திருகைவிட மெல்லிய துளையிட்டு, திருகின் மரையில் சோப்பைத் தடவி முடுக்க வேண்டும். வறண்ட மரம் எளிதில் வெடிக்கும்.

திருகுகளை இறுக்குவதற்கு முன் நடுக்கோட்டைச் சரிபார்ப்பது அவசியம். நட்டின் நடுவிலிருந்து டெயில்பீஸின் நடுவுக்கு ஒரு தையல் நூலை விறைப்பாகப் பிடித்தால், அது ஃப்ரெட் பலகையின் நடுப்புள்ளிகளின் மீதே செல்ல வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் முதல் தந்தியோ ஆறாம் தந்தியோ பலகையின் ஓரத்தில் நழுவி விழும். பிறகு முதல் தந்தியையும் ஆறாம் தந்தியையும் மட்டும் மாட்டிப் பாதி இழுவை கொடுத்தால் பிரிட்ஜ் நின்றுகொள்ளும். மற்ற நான்கையும் அதன்பின் மாட்டலாம். சுருதி ஏற ஏற பிரிட்ஜின் தலை நட்டை நோக்கிச் சாயும். அதை அவ்வப்போது இரண்டு கைகளாலும் நிமிர்த்திவிட வேண்டும். பாதங்கள் மேற்பலகையில் இடைவெளியின்றிப் பதிந்திருக்க வேண்டும். டெயில்பீஸின் அடிப்பாகம் எங்கேயும் மேற்பலகையைத் தொடக்கூடாது.

இறுதியாக, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து எழுப்பும் சுரமும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ட்யூனரில் பார்க்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் நூலளவு நகர்த்த வேண்டும். குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். அழுத்தம் மாறியதால் மேற்பலகை சற்றே இறங்கியோ ஏறியோ இருக்கும். தந்திகளின் உயரத்தை பிரிட்ஜின் சக்கரத் திருகுகளால் சரிசெய்துகொள்ளலாம்.

மாற்றம் உண்மையில் நேர்ந்ததா என்பதைச் செவியின் நினைவைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய முடியாது. இந்த வேலைக்கு நடுவே கழியும் நேரத்தில் பழைய ஒலி மனத்தில் கலைந்துவிடும். கழற்றுவதற்கு முன்பே புதுத் தந்திகளை மாட்டி, ஓரிரண்டு நாள் வாசித்து அவை படிந்த பிறகு, ஓர் அறையில் ஒரே நாற்காலியில் அமர்ந்து, செல்பேசியை ஒரே தூரத்தில் வைத்து, திறந்த ஆறு தந்திகளையும் ஒரு மெட்டையும் பதிவுசெய்துகொள்ள வேண்டும். முடிந்தால் அதே தந்திகளையே புதிய டெயில்பீஸிலும் மாட்டி, அதே இடத்தில் மீண்டும் பதிவுசெய்ய வேண்டும். இரண்டு பதிவுகளையும் எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் ஒருவரைப் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால், கோணத்தையும் எடையையும் இன்னொரு முறை அளந்துவிட்டு, இணைப்புத் தகட்டின் அடுத்த வரிசைத் துளைக்குக் கீலை மாற்றிப் பாருங்கள். பழைய டெயில்பீஸையும் அதன் திருகுகளையும் ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள்.